மச்சானின் சட்டைப் பையில் ரோஸ் பொட்டலம்

சந்தேகப்படுவதற்காகவே ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் சம்பளம் வாங்கியவன் நான். ஓசூரில் இயந்திர உதிரிபாகங்கள் செய்யும் ஒரு தொழிற்சாலையில் தர ஆய்வாளர் வேலை. உள்ளே வரும் ஒவ்வொரு பெட்டியிலும் ஏதோ ஒரு குறை ஒளிந்திருக்கிறது என்று நம்புவதுதான் அந்த வேலை. குறை அகப்படாத நாளில் எனக்குச் சோறு இறங்காது. இந்தப் புத்தி தொழிற்சாலை வாசலோடு நின்றுவிடவில்லை. (பால்காரரின் அளவுக் குவளையை வாங்கி அதன் அடியைத் தடவிப் பார்த்திருக்கிறேன். மகள் பிறந்த அன்று நர்ஸ் கையிலிருந்து வாங்கியதும் குழந்தையின் விரல்களை இரண்டு முறை எண்ணினேன்.) இப்போது எனக்கு எழுபத்தெட்டு வயது. நான் நிராகரித்த சரக்குகளில் ஒன்றே ஒன்று முற்றிலும் குறையில்லாதது. அது ஒரு மனிதர். என் மனைவி சரோஜாவின் அண்ணன்.

நாகராஜ் மச்சானுக்கு உத்தனப்பள்ளியில் தக்காளித் தோட்டமும் கொஞ்சம் ராகிக் கொல்லையும் இருந்தன. பதினைந்து நாளுக்கு ஒருமுறை ஒரு கூடைத் தக்காளியோடு பஸ்ஸில் வந்து இறங்குவார். ஒரு டம்ளர் மோர் குடிப்பார், தங்கையை நாலு வார்த்தை கிண்டல் செய்வார், அடுத்த பஸ்ஸில் போய்விடுவார். மாமனாரும் மாமியாரும் எப்போதோ போய்ச் சேர்ந்துவிட்டார்கள். சரோஜாவுக்குப் பிறந்த வீடு என்று மிச்சமிருந்தது அந்தக் கூடையும் அந்த மனிதரும்தான். அவள் வாழ்க்கையிலிருந்து அந்த மனிதரைக் கிட்டத்தட்ட வெட்டி எறிந்தவன் நான். அதுவும் கம்ப்யூட்டரை வைத்து.

தொண்ணூற்றொன்பதில் மச்சானுக்கு அறுபதாம் கல்யாணம் வர இருந்தது. ஒருநாள் மோர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்.

“மாப்பிள்ளே, உங்க கல்யாணத்துல பெங்களூர்க்காரர் ஒருத்தர் சினிமா புடிச்சாரே, அந்தப் படம் இருக்குதா?”

“இருக்குது மச்சான். தகர டப்பாவுல தூங்குது.”

“எங்கப்பன் நடக்கறது அது ஒண்ணுலதான் இருக்குது. போட்டோவுல எல்லாம் ஒக்காந்தே கெடக்கறாரு. அறுவதாங் கல்யாணத்தன்னிக்கு ஒருவாட்டி போட்டுப் பாக்கணும். முடியுமா?”

முடியுமா என்று என்னிடம் கேட்டது அவருடைய முதல் தவறு. அந்த வருடம்தான் நான் கம்ப்யூட்டர் வாங்கியிருந்தேன். வீடியோ கேசட்டில் இருப்பதை உள்ளே இழுக்கவும் திரும்பக் கேசட்டில் பதியவும் ஓர் அட்டை, பழைய படங்களைச் சீர்செய்ய ஒரு மென்பொருள், அதற்கு ஒரு தடித்த புத்தகம் எல்லாம் வைத்திருந்தேன். இல்லாதது ஒன்றுதான்: சீர்செய்ய ஒரு பழைய படம்.

என் கல்யாணம் எழுபத்தாறில் கிருஷ்ணகிரியில் நடந்தது. பெங்களூர் நண்பர் ஒருவர் சின்னக் கையடக்க சினிமா கேமராவில் மூன்று மூன்று நிமிடமாகச் சில சுருள்கள் எடுத்து, ஒன்றாக ஒட்டிக் கொடுத்தார். அடுத்த வருடம் ஒரு புரொஜெக்டரை வரவழைத்து வீட்டுச் சுவரில் ஓட்டியபோது படம் நடுவில் இரண்டு இடத்தில் அறுந்தது. நண்பர் அங்கேயே உட்கார்ந்து ஒட்டு டேப்பால் ஒட்டினார். அதிலிருந்து அந்த இரண்டு ஒட்டுக்கும் நடுவே பன்னிரண்டு விநாடி மட்டும் படம் தலைகீழாக வரும். ஐயர் வௌவால் மாதிரி தொங்கிக்கொண்டு மந்திரம் சொல்லுவார். குழந்தைகள் அந்தப் பன்னிரண்டு விநாடிக்காகவே காத்திருப்பார்கள். அதைத் திருப்பி ஒட்ட வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

பெங்களூரில் ஒரு ஸ்டுடியோவில் கொடுத்து, அந்தச் சுருளைத் திரையில் ஓட்டி வீடியோ கேமராவால் படம்பிடித்துக் கேசட்டாக வாங்கி வந்தேன். (சுருளைக் கொடுக்கும் முன் நீளத்தை அளந்து குறித்துக்கொண்டேன். திரும்பி வந்ததும் அளந்தேன். குறையவில்லை. எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான்.) கேசட்டைப் போட்டுப் பார்த்தால் மண்டபமே நடுங்கியது. குளிர்சுரம் கண்டவர்கள் கூடி நடத்திய கல்யாணம் மாதிரி இருந்தது. கோடுகள், பொட்டுகள், மினுக்கல். பட்டுப் புடவையெல்லாம் செங்கல் நிறம்.

வேலையை ஆரம்பித்தேன். முதலில் நிறம், பிறகு மினுக்கல். தலைகீழ்த் துண்டுக்கு ஒரே ஒரு சொடுக்குதான் தேவைப்பட்டது. மேல் கீழாகவும் கீழ் மேலாகவும் மாற, இருபத்திரண்டு வருடம் தொங்கிய ஐயர் நேராக உட்கார்ந்தார். ஆய்வாளன் அல்லவா, சும்மா விடுவேனா? பின்னால் கட்டியிருந்த பேனரில் மணமக்கள் பெயரைப் படித்துப் பார்த்தேன். எழுத்து இடவலம் மாறாமல் சரியாக இருந்தது. எழுத்து சரி என்றால் படம் சரி. ‘ஏற்றுக்கொள்ளப்பட்டது’ என்று மனதுக்குள் முத்திரை குத்திவிட்டேன்.

அடுத்தது நடுக்கம். அதற்கு அந்த மென்பொருளில் ஒரு வழி இருந்தது. படத்தில் பளிச்சென்று தெரியும் ஒரு புள்ளியைக் காட்டிவிட வேண்டும். அந்தப் புள்ளி அசையாதபடி அது படம் முழுவதையும் நகர்த்திக் கொடுக்கும். அந்தப் பன்னிரண்டு விநாடியில் மச்சான் மேடையோரம் தட்டை ஏந்தி நின்றிருந்தார். அவர் சட்டைப் பையில் செருகியிருந்த பேனாவின் கிளிப் வெள்ளியாக மின்னியது. இதைவிட நல்ல புள்ளி எது? காட்டினேன். கம்ப்யூட்டர் கணக்குப் போட்டது. ஓசூர் மின்சாரம் இரண்டு முறை போனது, இரண்டு முறையும் முதலிலிருந்து ஆரம்பித்தேன். கடைசியில் பேனா நின்றது. ஆனால் படத்தின் நான்கு ஓரங்களிலும் கறுப்புப் பட்டைகள் ஆடின. அவற்றை மறைக்கப் படத்தைப் பெரிதாக்கி ஓரங்களை வெட்டிவிடச் சொன்னது புத்தகம். கால்வாசி வெட்டினேன்.

ஓடவிட்டேன். நட்டநடுவில், ஆணி அடித்த மாதிரி, மச்சானின் சட்டைப் பை. அதைத் தவிர வேறு எதையும் பார்க்க முடியாது. அப்போதுதான் அதைப் பார்த்தேன்.

மச்சானின் வலது கை தட்டுக்குப் போகிறது. ரோஸ் நிறத்தில் ஒரு சின்னப் பொட்டலத்தை எடுக்கிறது. அதைச் சட்டைப் பைக்குள் போடுகிறது. பிறகு ஒன்றும் நடக்காத மாதிரி நிற்கிறார்.

நகைக்கடையில் பொன்னை ரோஸ் காகிதத்தில்தான் மடித்துக் கொடுப்பார்கள். என் அம்மா சொன்னது எனக்கு நினைவுக்கு வந்தது.

மாப்பிள்ளை வீட்டுத் தட்டைச் சபையில் எல்லோரும் தொட்டு வாழ்த்துவதற்காகப் பெண்ணின் அண்ணன் ஏந்திச் செல்வது எங்கள் பக்கத்து வழக்கம். அந்தத் தட்டில் அவருக்கு நாங்கள் போட வேண்டிய மைத்துனர் மோதிரமும் இருக்கும். அன்று அம்மா பொட்டலத்தைப் பிரித்து மச்சான் விரலில் மோதிரம் போட்டாள். வீட்டுக்குத் திரும்பும் வழியில் என் காதில் கிசுகிசுத்தாள்: “டேய், நான் வாங்கினது வெள்ளக் கல்லுடா. காயிதத்துல இருந்து வந்தது செவப்புக் கல்லு. சபையில வாயத் தெறக்க முடியல. எவனோ மாத்திட்டான்.” நான் அவளைத் திட்டினேன். ஆனால் அவள் சாகும்வரை, மச்சான் மோர் டம்ளரைப் பிடிக்கும்போதெல்லாம் அந்தச் சிவப்புக் கல்லையே முறைத்துக்கொண்டிருந்தாள்.

அம்மா போய் மூன்று வருடம் கழித்து அத்தாட்சி என் கம்ப்யூட்டரில் ஓடியது. நல்ல மோதிரத்தை எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டு, மட்டமான ஒன்றைப் பதிலுக்கு வைத்திருக்கிறார். தன் மோதிரத்தைத் தானே திருடிய முதல் ஆள் உலகத்திலேயே என் மச்சானாகத்தான் இருப்பார்!

அதன் பிறகு என் கண்ணுக்கு எல்லாமே வேறு மாதிரி தெரிந்தது. இருபத்து மூன்று வருடத் தக்காளியும் குற்ற உணர்ச்சித் தக்காளி. மோரைக் குடித்துவிட்டு உடனே பஸ்ஸைப் பிடிப்பது எதற்காக? தப்பி ஓடத்தான். அடுத்த முறை அவர் வந்துபோனதும் அடுக்களையில் கரண்டிகளை எண்ணினேன்.

சரோஜா கேட்டாள்: “என்னத்த எண்றீங்க?”

“ஒண்ணுமில்ல. சும்மாதான்.”

“கரண்டிய யாரு சும்மா எண்ணுவாங்க?”

அவளிடம் சொல்லியிருக்கலாம். மச்சானைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டிருக்கலாம். நான் செய்தது வேறு. குறையுள்ள சரக்கைச் சாட்சிகள் முன்னிலையில்தான் நிராகரிக்க வேண்டும் என்பது தொழிற்சாலை விதி. ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டுக்கு மச்சானையும் அவர் மனைவி லட்சுமியையும் அழைத்தேன். அறுபதாம் கல்யாணத்தை முன்னின்று நடத்த இருந்த, தொரப்பள்ளியிலிருக்கும் சரோஜாவின் பெரியப்பாவையும் அழைத்தேன். “படம் ரெடி, மச்சான்” என்று மட்டும் சொன்னேன். அவர் அன்று சலவைச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார்.

கேசட் ஓடியது. எல்லோரும் தங்கள் பழைய முகங்களைக் கண்டுபிடித்துச் சிரித்தார்கள். “அய்யோ, இதுவா எங்கண்ணன்? எம்மாம் முடி!” என்றாள் சரோஜா. “அதெல்லாம் உன் கல்யாண வேலையில கொட்டிப்போச்சு” என்றார் மச்சான். பிறகு பன்னிரண்டு விநாடி வந்தது. அதை மெதுவோட்டத்தில் மூன்று முறை திரும்பத் திரும்ப வரும்படி செய்திருந்தேன். பொட்டலத்துக்கு நேராக ஒரு சிவப்பு அம்புக்குறியும் போட்டிருந்தேன். (இதை எழுதும்போதும் கை கூசுகிறது.)

இரண்டாவது முறை பெரியப்பா கண்ணாடியைத் தூக்கிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: “அது என்ன சாமி அம்புக்குறி? கல்யாணத்துல அது இல்லியே?”

மூன்றாவது முறை முடிந்ததும் நான் படத்தை நிறுத்தினேன். ஒத்திகை பார்த்து வைத்திருந்த குரலில் சொன்னேன்: “எங்கம்மா வெள்ளக் கல்லுதான் வெச்சாங்க மச்சான். அது எங்கன்னு இப்பத் தெரியுது.”

மச்சான் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என்னிடம் கேட்டார்.

“மாப்பிள்ளே, எங்கப்பன் எங்க?”

பேச்சை மாற்றுகிறார் என்று நினைத்தேன். “நான் மோதிரத்தப் பத்திப் பேசறேன்.”

“தெரியுது. எங்கப்பன் நடந்து போனது இந்த எடத்துலதான். ஆளையே காணமே.”

“அண்ணா, அவரு என்ன சொல்றாருன்னு புரியுதா உனக்கு?” என்றாள் சரோஜா. அவள் குரல் நடுங்கியது. என் மென்பொருளால் நிறுத்த முடியாத நடுக்கம்.

மச்சான் எழுந்து பின்பக்கம் குழாயடிக்குப் போனார். மோதிரம் விரலில் இறுகிப்போயிருந்தது. துணி சோப்பைப் போட்டுத் தேய்த்துத் திருகிக்கொண்டே இருந்தார். அந்தச் சத்தம் கூடம் வரைக்கும் கேட்டது. திரும்பி வந்து, நுரையோடு அதை டி.வி. மேல் வைத்தார். லட்சுமி தெலுங்குக் குடும்பத்துப் பெண். மச்சான் மனம் நொந்தால் அவளிடம் தெலுங்கில்தான் பேசுவார். “பத, போதாம்” என்றார். போகலாம் வா என்று அர்த்தம். இலை போட்டிருந்தது. பரிமாறிய சோற்றைத் தொடாமல் இருவரும் படியிறங்கிப் போனார்கள். பெரியப்பா மட்டும் உட்கார்ந்து சாப்பிட்டார். “சாம்பாருல உப்பு சரியா இருக்குது. மத்ததெல்லாம் தப்பா இருக்குது” என்று சொல்லிவிட்டு அவரும் போய்விட்டார்.

சரோஜா அழவில்லை. கம்ப்யூட்டர் இருந்த அறைக்கு வந்து நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். அதுவரை அவள் அந்த அறைக்குள் தூசி தட்ட மட்டும்தான் வந்திருக்கிறாள்.

“எங்கப்பா எங்கன்னு அண்ணன் கேட்டாரே. எங்க?”

“ஓரத்துல இருந்திருப்பாரு. ஆடக்கூடாதுன்னு ஓரத்த வெட்டிட்டேன்.”

“எங்கப்பாவ வெட்டினீங்களா?” என்றாள். பிறகு, “வெட்டாதது இருக்குதில்ல? அதப் போடுங்க.”

நேராகத் திருப்பி வைத்து, இன்னும் வெட்டாத பிரதி ஒன்று இருந்தது. போட்டேன். படம் நடுங்கியது. அவள் முகத்தைத் திரையருகே கொண்டுபோனாள். வலது ஓரத்தில் ஒரு வெள்ளை வேட்டி தெரிந்தது. என் மாமனார். சரோஜா கையை நீட்டி அவரைத் தொடப் போனவள், அப்படியே நிறுத்தினாள்.

“எங்கப்பா எதுக்குப் பின்னால பின்னால நடக்கறாரு?”

நான் பார்த்தேன். முகம் வெளியே பார்த்திருக்க, மாமனார் முதுகுப் பக்கமாக அடியெடுத்து வைத்து மச்சானை நோக்கி வந்துகொண்டிருந்தார்.

“இந்தப் பக்கம் பாருங்க,” என்று அவள் இடது ஓரத்தைக் காட்டினாள். “பொகை எதுக்குக் குண்டத்துக்குள்ள எறங்குது?”

ஓமப் புகை மேலிருந்து சுருண்டு சுருண்டு நெருப்புக்குள் போய்க்கொண்டிருந்தது. ஐயர் பக்கத்திலேயே அமைதியாக உட்கார்ந்திருந்தார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நண்பர் அந்தத் துண்டைத் தலைகீழாக மட்டும் ஒட்டவில்லை. முனை மாற்றி ஒட்டியிருக்கிறார். வால் முன்னால், தலை பின்னால். தலைகீழை நான் நிமிர்த்திவிட்டேன். பின்முன்னை நிமிர்த்தவில்லை. அது தப்பு என்று கத்திக்கொண்டிருந்த இரண்டு சாட்சிகளையும் என் கையாலேயே வெட்டிப் போட்டிருக்கிறேன். எழுத்தைப் படித்தேனே தவிர, புகையைப் பார்க்கவில்லை.

துண்டைப் பின்முன்னாக ஓடவிட்டேன். இப்போது புகை மேலே போனது. மாமனார் மகனிடமிருந்து விலகி முன்னோக்கி நடந்து போனார். மச்சானின் கை சட்டைப் பைக்குள் போனது. ரோஸ் பொட்டலத்தை எடுத்துத் தட்டில் வைத்தது.

எடுக்கவில்லை. வைத்திருக்கிறார்.

சரோஜா எழுந்து போய் டி.வி. மேலிருந்த மோதிரத்தை எடுத்து வந்தாள். முந்தானையால் நுரையைத் துடைத்தாள். “அப்பா போட்டிருந்த மோதரம் மாதிரியே இருக்குதேன்னு அன்னிக்கே அப்பாகிட்ட கேட்டேன். ஒரே ஆசாரி செஞ்சது, அப்பிடித்தான் இருக்கும்னாரு. உங்க மோதரம் எங்கேப்பான்னு கேட்டேன். கெணத்துல விழுந்துடுச்சின்னாரு.” பொய்யே பேசாதவர் என்று ஊரில் பெயர் வாங்கியவர் என் மாமனார். ஒரே மூச்சில் இரண்டு பொய் சொல்லியிருக்கிறார்.

மறுநாள் வேலைக்கு விடுப்புப் போட்டுவிட்டு உத்தனப்பள்ளி பஸ் ஏறினேன். சரோஜா கூட வரவில்லை. “நீங்க பண்ணினது. நீங்க போங்க” என்றாள். கையில் மோதிரமும் ஒரு கேசட்டும் இருந்தன. மச்சான் தோட்டத்தில் தக்காளிச் செடிகளுக்குக் குச்சி கட்டிக்கொண்டிருந்தார். நான் வரப்பிலேயே நின்று எல்லாவற்றையும் சொன்னேன். வால், தலை, புகை, ஓரம். அவர் கயிற்றை முடிந்துகொண்டே கேட்டார்.

“தப்பு என்னுதுதான் மச்சான்,” என்றேன். “காலுல விழறேன்.”

“விழுந்தா செடி ஒடியும். நில்லுங்க அங்கியே.”

பிறகு அவராகவே சொன்னார். “தட்டத் தூக்கினப்ப பொட்டலம் லேசா இருந்துச்சி மாப்பிள்ளே. பிரிச்சா வெறும் காயிதம். எங்கப்பன்கிட்ட போயி சொன்னேன். மோதரம் காணம்னு தெரிஞ்சா சம்பந்தியம்மா சபையில தலை குனியணும், வாயத் தெறக்காதேன்னாரு. வெரல்ல இருந்ததக் கழட்டி அதே காயிதத்துல சுத்திக் குடுத்தாரு. யாருகிட்டயும் சொல்லாதேன்னு சத்தியம் வாங்கினாரு. அடுத்த வருசம் அவரும் போயிட்டாரு. அப்பறம் யாருகிட்டப் போயி அந்தச் சத்தியத்தத் திருப்பிக் குடுக்கறது?”

என் அம்மா சபையில் தலை குனியக் கூடாது என்பதற்காக இரண்டு பேர் சேர்ந்து இருபத்து மூன்று வருடம் காத்த வாயை நான் அம்புக்குறி போட்டுத் திறந்திருக்கிறேன். (அந்த வெள்ளைக் கல் எங்கே போனது என்று இன்றுவரை தெரியாது. அந்தத் தட்டு மண்டபத்துக்கு வந்த வேனில் இருந்த அத்தனை பேரும் என் பக்கத்துச் சொந்தக்காரர்கள் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.)

“கேசட்டு கொண்டாந்தீங்களா?” என்றார்.

“கொண்டாந்தேன். ஆனா இது வெட்டாதது. ஆடும்.”

“ஆடட்டும். எங்கப்பன் நடக்கறாரா?”

“நேரா நடக்கறாரு.”

பக்கத்து வீட்டில் டெக் இருந்தது. அதில் போட்டுப் பார்த்தோம். மாமனார் நாலே அடி நடந்தார். மச்சான் அதைத் திரும்பத் திரும்பப் போடச் சொன்னார். எத்தனை முறை என்று, வாழ்க்கையில் முதல் தடவையாக, நான் எண்ணவில்லை. பிறகு நான் நீட்டிய மோதிரத்தை வாங்கிக்கொண்டு, “இத ஏத்தறதுக்கு இன்னொரு சோப்பு வேணும்” என்றார். அன்று அவர் வீட்டில் ராகிக் களி சாப்பிட்டேன். லட்சுமி என் முகத்தைப் பார்க்காமல் பரிமாறினாள். அது எனக்கு வேண்டியதுதான்.

இரண்டு வாரம் அவர் எங்கள் வீட்டுக்கு வரவில்லை. மூன்றாவது வாரம் வாசலில் சரோஜா “அண்ணா!” என்று கூவும் குரல் கேட்டு ஓடிப்போனேன். மச்சான் தெருவைப் பார்த்தபடி, தலையில் தக்காளிக் கூடையோடு, பின்பக்கமாக அடியெடுத்து வைத்து எங்கள் படியேறிக்கொண்டிருந்தார்.

“இப்ப எப்பிடி மாப்பிள்ளே? எடுக்க வர்றனா, வெக்க வர்றனா? நல்லாப் பாத்துச் சொல்லுங்க.”

அதற்குப் பிறகு எங்கள் வீட்டுக்குள் அவர் முகம் காட்டி நுழைந்ததே இல்லை. அவர் மகன்களும் அப்படியே வந்தார்கள். அவர் போன பிறகு பேரப்பிள்ளைகளும் அப்படியே வருகிறார்கள். போன மாதம் அவர் பேத்திக்குக் கல்யாணமாகி, விருந்துக்கு எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். புது மாப்பிள்ளை சென்னைக்காரர், மரியாதை தெரிந்த பையன். இந்த வீட்டு வழக்கம் இது என்று காரிலேயே சொல்லி அழைத்து வந்திருக்கிறார்கள். ஒரு கையில் பழத்தட்டும் ஒரு கையில் வேட்டி நுனியுமாக, குதிகாலால் படியைத் துழாவித் துழாவி ஏறினார். சரோஜா ஆரத்தித் தட்டோடு அவர் முதுகுக்கு நேராக நின்று, ஒரு சிரிப்பும் இல்லாமல், மூன்று சுற்றுச் சுற்றினாள்.

முன்பக்கமாத் திரும்பி நடந்து வாங்க தம்பி என்று அவரிடம் சொல்ல எல்லோருக்கும் உரிமை இருந்தது, என்னைத் தவிர.